சாலையின் ஆபத்து யாருக்கு?

2007 டிசம்பர் 24 அன்று, மவுரித்தானியாவின் தெற்கே ஆலெக் என்ற ஊருக்கருகில் சாலையோரம் இளைப்பாறிக்கொண்டிருந்த பிரெஞ்சுப் பயணிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுத்த பதினோராம் நாள், லிஸ்பனிலிருந்து மவுரித்தானியா வழியே புறப்படத் தயாராக நின்ற தக்கார் ராலி என்ற மோட்டார் பந்தயம், கிளம்புவதற்கு முந்தைய நாள் ரத்தாயிற்று. முப்பதாண்டு வரலாற்றில் முதல் ரத்து அது. மறு ஆண்டு பந்தயம் தென் அமெரிக்காவுக்குப் போனது, 2020 முதல் சவூதி அரேபியாவில் நடக்கிறது. ஆப்பிரிக்காவுக்குத் திரும்பவே இல்லை.

பந்தயம் போனதால் மவுரித்தானியாவின் எளிய மக்களுக்குப் பெரிய நட்டம் ஒன்றுமில்லை. அவர்களுக்கு விழுந்த அடி வேறு. ஆலெக்கிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வடக்கே அட்ரார் பீடபூமி இருக்கிறது. அத்தார் நகரமும், பழைய கையெழுத்துச் சுவடிகளைக் குடும்பம் குடும்பமாகக் காத்துவரும் ஷிங்கெட்டியும் அங்கேதான். குளிர்காலம் முழுக்கப் பிரான்சிலிருந்து அத்தாருக்கு நேரடியாகத் தனி விமானங்கள் வந்துகொண்டிருந்தன. ஒட்டகக்காரர், சமையற்காரர், ஜீப் ஓட்டுநர், கூடாரத் தங்குமிடம் நடத்துகிறவர் என்று ஒரு வட்டாரமே அந்த விமானங்களை நம்பி வாழ்ந்தது. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சகம் ஒவ்வொரு நாட்டுக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறத்தில் ஒரு பாதுகாப்பு வரைபடம் வெளியிடுகிறது. அட்ரார் சிவப்பானது. விமானம் நின்றது. 2017இல் அந்த வட்டாரத்தின் நிறத்தைத் தளர்த்தினார்கள், அந்த டிசம்பரிலேயே விமானம் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே வாழ்ந்தவர்கள் செய்த குற்றம், கொலை நடந்த நாட்டின் குடிமக்களாக இருந்தது ஒன்றுதான்.

‘ஆபத்தான நாடு’ என்று பெயரெடுத்த இடங்களுக்குத் தரைவழியே போவது சரியா என்ற கேள்விக்குப் பொதுவாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று, அரசுகள் தரும் வண்ண வரைபடம். மற்றொன்று, போய்த் திரும்பியவர்கள் சொல்லும் சாட்சியம்: மக்கள் தங்கமானவர்கள், பயப்பட ஒன்றுமே இல்லை. இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டும் அளக்கத் தவறும் ஒன்றும் உண்டு. ஆபத்து என்பது பயணியின் உயிர் மட்டுமே என்று இரண்டும் எடுத்துக்கொள்கின்றன.

முதலில் வரைபடம். அமெரிக்க வெளியுறவுத் துறை 2018 ஜனவரி முதல் உலக நாடுகளை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. நான்காம் நிலை என்றால் போகவே வேண்டாம். பிரிட்டன் ‘எல்லாப் பயணமும் கூடாது’, ‘அவசியமானால் தவிரக் கூடாது’ என்று இரண்டு படி வைத்திருக்கிறது. இவை அறிவுரைதான், சட்டமல்ல. ஆனால் அறிவுரை கடுமையானதும் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் செல்லாமல் போகின்றன. பிறகு கால் முறிந்தாலும் ஹெலிகாப்டர் வராது. இந்த அறிவுரையை எழுதும் அதிகாரி, ஏதேனும் நடந்துவிட்டால் ‘ஏன் முன்பே எச்சரிக்கவில்லை’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எதுவும் நடக்காவிட்டால் ‘ஏன் வீணாக எச்சரித்தாய்’ என்று அவரை யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே நிறம் சட்டென்று ஏறும், மெதுவாகவே இறங்கும்.

இதை அடுத்தவர் நாட்டுப் பிரச்சினை என்று நாம் பார்க்க முடியாது. அந்த வரைபடங்களில் இந்தியாவும் இருக்கிறது. ஜம்மு காஷ்மீரையும் பாகிஸ்தான் எல்லையோரத்தையும் அமெரிக்கா தவிர்க்கச் சொல்கிறது. 2024 மார்ச் முதல் நாள் ஜார்க்கண்டின் தும்கா மாவட்டத்தில், பைக்கில் உலகைச் சுற்றிவந்த ஒரு தம்பதி இரவில் கூடாரம் அடித்துத் தங்கியபோது, அந்தப் பெண்ணைப் பலர் சேர்ந்து பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார்கள். ‘ஆபத்தானவை’ என்று உலகம் சொல்லும் நாடுகள் பலவற்றைக் கடந்து வந்தவர்கள் அவர்கள். அந்தச் செய்தி வந்தபோது நம்மவர்களில் பலர், ‘ஒரு சம்பவத்தை வைத்து நாட்டையே எடைபோடலாமா’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பாகிஸ்தான்காரரும் மவுரித்தானியரும் அதே கேள்வியைக் கேட்கும்போதும் நாம் அதை நியாயம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதேசமயம், தெரியாத ஊரில் இரவைக் கழிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கேள்வி எந்த ஆறுதலும் தராது என்பதையும் சேர்த்தே ஒத்துக்கொள்ள வேண்டும்.

இனி, திரும்பியவர்களின் சாட்சியம். ஈரானில் வழி கேட்டு நின்றவரை வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறு போட்டு, படுக்கை விரித்து, காலையில் எல்லை வரை கொண்டுவிட்ட கதைகளுக்கு அளவே இல்லை. பாகிஸ்தானில் டீக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரர்கள் எல்லாப் பயணக் குறிப்புகளிலும் வருகிறார்கள். இவை கட்டுக்கதைகள் அல்ல. ஆனால் விருந்து வைப்பவரும் கடத்துகிறவரும் ஒரே ஆள் இல்லை. ஆயிரம் பேர் அன்பாக இருப்பது, ஆயிரத்தோராவது ஆள் துப்பாக்கியோடு நிற்பதைத் தடுக்காது. மேலும், திரும்பி வந்தவர்கள்தான் எழுதுகிறார்கள். திரும்பாதவர்களின் குறிப்பேடு நம் கைக்கு வருவதில்லை.

இந்தச் சாட்சியத்துக்கு மூலமாகப் பலரும் காட்டுவது இஸ்தான்புல்லிலிருந்து காத்மாண்டுவரை போன அந்தப் பழைய ‘ஹிப்பிப் பாதை’. துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியே இந்தியா வந்து நேபாளம் சேரும். 1957இலேயே லண்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் பேருந்து ஓடியது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இளைஞர்கள் அலையலையாக வந்தார்கள். 1979இல் ஈரானில் புரட்சி, அந்த டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை. பாதை அறுந்தது. அதற்கு முந்தைய காலத்தைப் பொற்காலம் என்கிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அந்தப் பாதையின் கிழக்குக் கோடியிலும் அதன் தொடர்ச்சியிலும்தான் 1975, 76ஆம் ஆண்டுகளில் சார்லஸ் சோப்ராஜ் பயணிகளோடு நட்பாகப் பழகி, மருந்து கொடுத்து மயக்கி, தாய்லாந்திலும் நேபாளத்திலும் கொலைகள் செய்தான். 1976இல் தில்லியில் பிடிபட்டான். அவனிடம் சிக்கியவர்கள் எந்த நாட்டு மக்களுக்கும் பயந்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. அவன் அவர்களோடு கலந்து பழகிய, அவர்கள் மொழியிலேயே பேசிய ஒருவன்.

அயர்லாந்தின் டெர்வ்லா மர்ஃபி 1963இல் தனியாகச் சைக்கிளில் தில்லிக்குக் கிளம்பியபோது கைத்துப்பாக்கி ஒன்றையும் எடுத்துக்கொண்டார். ஐரோப்பாவைத் தாண்டுமுன்பே, யூகோஸ்லாவியாவின் பனியில், ஓநாய்கள்மீது அதைப் பயன்படுத்த வேண்டி வந்தது. ஆப்கானிஸ்தானில் அவருக்கு விலா எலும்புகள் முறிந்தன. அதற்குக் காரணம் கொள்ளைக்காரர்கள் அல்ல. நெரிசலான ஒரு பேருந்தில் மூண்ட சண்டையில் தவறுதலாக மோதிய துப்பாக்கிக் கட்டை. பயப்பட்ட இடத்தில் ஒன்றும் நடக்காமல், யோசித்தே பார்க்காத இடத்தில் அடிபடுவதுதான் தரைவழிப் பயணத்தில் பெரும்பாலும் நடப்பது.

யோசித்தே பார்க்காத அந்த இடம் பெரும்பாலும் சாலைதான். 2021இல் உலகச் சாலைகளில் ஏறக்குறைய 11.9 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பத்தில் ஒன்பது பேர் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளைச் சேர்ந்தவர்கள். இந்தியாவில் மட்டும் 2022இல் 1,68,491 பேர். பயங்கரவாதத்துக்குப் பயந்து ஈரான் விசாவை மூன்று முறை யோசிக்கிறவர், அங்கே விளக்கில்லாத லாரிகளுக்கு நடுவே இரவில் பைக் ஓட்டத் தயங்குவதில்லை. தாஜிகிஸ்தானில் துஷான்பேக்கு வடக்கே 5 கிலோமீட்டர் நீள அஞ்சோப் சுரங்கப்பாதை பல ஆண்டுகள் காற்றோட்டமும் விளக்கும் இன்றி, தரையில் தண்ணீர் தேங்கி, புகை அடைத்துக் கிடந்தது. ‘மரணச் சுரங்கம்’ என்றே அதற்குப் பெயர். பாமிர் நெடுஞ்சாலையில் அக்-பைதல் கணவாய் 4,655 மீட்டர் உயரம். அந்தச் சாலையின் முர்காப் ஊரில் உயரநோய் முற்றினால், நல்ல மருத்துவமனை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி கோரோக்கில்தான். எச்சரிக்கைச் செய்திகளில் தலைப்பாவது இவையல்ல, ஆளைக் கொல்வது இவைதான்.

இப்படிச் சொல்வதால் வன்முறை ஆபத்து வெறும் பூச்சாண்டி என்று ஆகிவிடாது. 2018 ஜூலை 29 அன்று துஷான்பேக்குத் தென்கிழக்கே தங்காராவில், ஏழு வெளிநாட்டுச் சைக்கிள் பயணிகள்மீது ஒரு காரை வேண்டுமென்றே மோதி, இறங்கிக் கத்தியால் குத்தினார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஐ.எஸ். பொறுப்பேற்றது. தாஜிக் அரசோ தடைசெய்யப்பட்ட எதிர்க்கட்சியின் மேல் பழியைப் போட்டது. கவனிக்க வேண்டியது இடத்தை. எல்லோரும் அஞ்சும் ஆப்கன் எல்லை ஓரத்தில் அல்ல, மலையெல்லாம் இறங்கிவந்தபின், தலைநகரை நெருங்கும் நல்ல தார்ச் சாலையில் நடந்தது. 2003இன் தொடக்கத்தில் அல்ஜீரிய சகாராவில் ஜீப்பிலும் பைக்கிலும் வந்த 32 ஐரோப்பியர்கள் சிறுசிறு குழுக்களாகக் காணாமல் போனார்கள். பதினேழு பேரை ராணுவம் மீட்டது. பதினான்கு பேர் மாதக்கணக்கில் இழுபட்டு மாலியில் விடுதலையானார்கள். ஒரு ஜெர்மானியப் பெண் வெயிலில் சுருண்டு இறந்தார். பிணைத்தொகை கைமாறியதாகப் பரவலாகச் செய்தி வந்தது. கடத்திய குழுதான் பின்னாளில் அல்-கொய்தாவின் மக்ரிப் கிளையாயிற்று. 2012இல் மாலியின் வடபகுதியைப் பிடித்த கூட்டணியில் அதுவும் ஒன்று. தன் உயிரைப் பணயம் வைப்பது தன் சொந்த விஷயம் என்று சொல்கிற பயணி, அந்த வடபகுதியில் உள்ள திம்புக்தூவின் மக்களை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கட்டும்.

இதையே இன்னும் நெருக்கமாகப் பார்க்க ஒரு சாலை இருக்கிறது. ஈரான் எல்லையில் மீர்ஜாவே, அதைத் தாண்டினால் பாகிஸ்தானின் தஃப்தான், அங்கிருந்து குவெட்டா வரை ஏறத்தாழ 630 கிலோமீட்டர் பலுசிஸ்தான் பாலைவனம். ஐரோப்பாவிலிருந்து தெற்காசியாவுக்குத் தன் வண்டியில் வருகிறவருக்கு, ஆப்கானிஸ்தானை விட்டால் நேர்வழி இதுதான். தஃப்தானில் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததும் பயணி தன் விருப்பப்படி நகர முடியாது. பல ஆண்டுகளாக லெவீஸ் என்ற உள்ளூர்த் துணைப்படைதான் காவலுக்கு வந்தது. பழைய டொயோட்டா பிக்கப்பில் இரண்டு மூன்று பேர், கையில் கலாஷ்னிகோவ். சில சமயம் ஒரு காவலர் பயணியின் வேனுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொரு சாவடியிலும் கோடு போட்ட நீளப் பதிவேட்டை நீட்டுவார்கள். பெயர், தகப்பனார் பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், விசா எண், வண்டி எண். எழுதி முடித்துச் சில கிலோமீட்டர் போனதும் இன்னொரு சாவடி, இன்னொரு பதிவேடு, அதே தகப்பனார் பெயர். பிக்கப் அங்கே திரும்பிவிடும், அடுத்த வட்டாரத்தின் பிக்கப் வரும்வரை வெயிலில் காத்திருக்க வேண்டும். வழியில் உள்ள தால்பந்தினில் பலர் காவல் நிலைய வளாகத்திலேயே படுத்து உறங்கியிருக்கிறார்கள். எதிரே ஈரானியப் பெட்ரோலும் டீசலும் கேன் கேனாக அடுக்கிய ஜம்யாத் பிக்கப்புகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். அந்தக் கள்ள எரிபொருள்தான் அங்கே ஆயிரக்கணக்கான வீடுகளின் அடுப்பை எரிய வைக்கிறது. குவெட்டா போனாலும் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை விடுதியை விட்டு வெளியே வர முடியாது.

இந்தக் காவலைப் பயணிகள் பலர் எரிச்சலோடு எழுதுகிறார்கள், சிலர் ஒரு சுவாரஸ்யமான அனுபவமாக எழுதுகிறார்கள். காவல் எதற்காக? 2011 ஜூலையில் இந்தியாவிலிருந்து வேனில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சுவிஸ் ஜோடியை லோரலாயில் கடத்தினார்கள். அடுத்த மார்ச்சில் மீரான்ஷா ராணுவச் சாவடிக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். 2013 மார்ச்சில் ஈரானிலிருந்து குவெட்டாவுக்குப் பேருந்தில் வந்த இரண்டு செக் நாட்டு இளம்பெண்கள் கடத்தப்பட்டு, இரண்டாண்டுகள் கழித்தே விடுதலையானார்கள். அவர்கள் பேருந்தில் காவலர் இருந்தும் நடந்தது அது. 2014 ஜனவரியில் மஸ்தூங் மாவட்டத்தில் ஒரு ஸ்பானியச் சைக்கிள் பயணியோடு வந்த லெவீஸ் காவல்மீது தாக்குதல் நடந்தது. பயணி சிறு காயத்தோடு பிழைத்தார். அவரைக் காத்து நின்ற லெவீஸ்காரர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அதே மாவட்டத்தில், ஈரானின் புனிதத் தலங்களிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஷியா யாத்திரிகர்களின் பேருந்து குண்டுவெடிப்பில் சிதறி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தார்கள்.

ஒரு மனிதர் உலகைச் சுற்றிவர வேண்டும் என்ற ஆசைக்காக ஆறு குடும்பங்கள் ஆண்மகனை இழந்தன. அந்தப் பயணியைக் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. சுட்டவர்கள்தான் குற்றவாளிகள். ஆனால் ‘ரிஸ்க் எடுத்தேன், ஜெயித்தேன்’ என்று அந்தச் சாலையைப் பற்றி யாரும் எழுதக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். ரிஸ்க் எடுத்தவர் முன்னால் போன பிக்கப்பில் இருந்தவர். அவர் சம்பளத்துக்காக அங்கே நின்றவர், பயணத் திட்டம் போட்டது அவரல்ல. காவலர் முன்னால் நின்றால்தான் கடக்க முடியும் என்ற நிலையில் இருக்கும் சாலையை உல்லாசத்துக்காகக் கடக்கக் கூடாது என்பதே என் முடிவு.

காவலும் இல்லாமல் அதே சாலைகளில் தினமும் போகிறவர்கள் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 26 அன்று பலுசிஸ்தானின் மூசாகேலில் பேருந்துகளையும் லாரிகளையும் நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, பஞ்சாபைச் சேர்ந்தவர்களைத் தனியே இறக்கி 23 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். பிழைப்புக்காகப் போன கூலித் தொழிலாளிகளும் லாரி ஓட்டுநர்களும்தான் அவர்களில் மிகுதி. தங்காரா தாக்குதல் உலகச் செய்தியானது. 2022 மே மாதம் பாமிரின் ருஷானில் அரசுப் படைகளின் ஒடுக்குமுறையில் உள்ளூர் மக்கள் பலர் இறந்தது அந்த அளவுக்குத் தெரியாது. அடுத்த கோடைகளில் வெளிநாட்டு பைக்குகள் அதே கிராமங்களின் வழியே போயின. இலங்கையின் ஏ9 சாலையில் ஓமந்தைச் சாவடியில் வரிசையில் நின்ற ஈழத் தமிழருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சாலையை மூடினாலும் திறந்தாலும், அங்கே வாழ்பவருக்கு வேறு சாலை கிடையாது.

ஆபத்து பாஸ்போர்ட்டைப் பொறுத்தும் மாறுகிறது. 2019இல் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டனுக்குத் தரைவழியே போன ஒரு ஜோடி, அனுமதியின்றி டிரோன் பறக்கவிட்டதற்காக ஈரானில் சில மாதங்கள் சிறையில் கிடந்தது. 2025 ஜனவரியில் பைக்கில் உலகைச் சுற்றிய ஒரு பிரிட்டிஷ் தம்பதி கெர்மானில் கைதாகி, உளவுக் குற்றச்சாட்டுக்கு ஆளானார்கள். கொள்ளைக்காரரிடமிருந்து அரசு காப்பாற்றும் என்று நம்பலாம், அரசே பிடித்துக்கொண்டால் போவதற்கு வேறு வாசல் இல்லை. மேற்கத்தியப் பயணி அங்கே பேரத்துக்கான சரக்கு. இந்தியருக்கு அந்தக் கவலை குறைவு, வேறு கவலை உண்டு. 2024 பிப்ரவரியில் ஈரான் இந்தியருக்கு விசா விலக்கு அளித்தபோது அது விமானத்தில் வருகிறவருக்கு மட்டும்தான். தரை எல்லையில் விசா வேண்டும். வேலை ஆசை காட்டி இந்தியர்களை வரவழைத்துக் கடத்திப் பணம் பறிக்கும் கும்பல்களால் 2025 நவம்பரில் அந்த விலக்கும் நின்றது.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பைக்கில் ஐரோப்பா போக நினைக்கும் நம் இளைஞருக்கு பலுசிஸ்தான் கேள்வியே எழாது. தன் வண்டியில் பாகிஸ்தானைக் கடக்கும் விசா நடைமுறையில் அவருக்குக் கிடைக்காது. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் அட்டாரி சாவடியும் மூடப்பட்டது. கிழக்கே மணிப்பூரின் மோரே வழி 2018இல் திறந்து, பெருந்தொற்றிலும், மியான்மரின் 2021 ராணுவப் புரட்சியிலும், 2023 முதல் மணிப்பூர்க் கலவரத்திலும் அடைபட்டது. ஆக மிஞ்சுவது இரண்டே வழி. வண்டியைக் கப்பலில் வளைகுடாவுக்கு அனுப்பி அங்கிருந்து தொடங்கலாம். இல்லையென்றால் நேபாளம், திபெத் வழியாகச் சீனாவைக் கடந்து மத்திய ஆசியா சேரலாம். இரண்டாவதற்குச் சீன வழிகாட்டி, தற்காலிக ஓட்டுநர் உரிமம், தற்காலிக எண் பலகை எல்லாம் வேண்டும். வழியில் சில நாடுகளுக்கு கார்னெட் என்ற சுங்க உறுதிப் புத்தகம் வேண்டும், அதற்காக ஒரு கனத்த பிணைத்தொகையும் கட்ட வேண்டும். 2025 ஜூலை வெள்ளத்தில் ரசுவாகடியில் நேபாளத்தையும் திபெத்தையும் இணைத்த பாலமே அடித்துப் போனது. இந்த வழியில் பெரிய எதிரி ஆயுதக் குழு அல்ல, ஆறும் மண்சரிவும்.

அப்படிச் சீனாவைத் தாண்டி கிர்கிஸ்தானின் ஓஷ் நகரத்துக்கு வந்து சேர்ந்தவர் முன் பாமிர் சாலை நிற்கும். 2021 மோதலுக்குப் பின் மூடிக்கிடந்த கிர்கிஸ்–தாஜிக் எல்லை, 2025 மார்ச் உடன்பாட்டில் திறந்திருக்கிறது. இந்தச் சாலையைப் போகலாம் என்றே சொல்வேன். போகுமுன் தங்காராவைப் பற்றிப் படிக்கட்டும், ருஷானைப் பற்றியும் படிக்கட்டும். சாரி-தாஷில் பெட்ரோல் நிரப்பும்போது, முர்காப்பிலிருந்து இறங்கிவந்த லாரிக்காரரிடம் அந்த வாரத்து நிலவரத்தைக் கேட்கட்டும். மூன்று மாதம் பழைய வரைபடத்தைவிட அது மேல். உயரத்துக்கு உடம்பு பழக ஒரு நாள் கூடுதலாகத் தங்கட்டும், இருட்டியபின் ஓட்ட வேண்டாம். கூடாரத்தை விட்டுப் பாமிரியர் வீடுகளில் காசு கொடுத்துத் தங்கட்டும், அந்தக் குளிர் நாட்டில் கோடை நான்கு மாதத்து வாடகைதான் அவர்களுக்குக் குளிர்கால மாவும் நிலக்கரியும். அரசியல் பேச்சை அவர்களாக எடுத்தால் ஒழிய எடுக்க வேண்டாம், அவர்கள் முகத்தைப் படம்பிடித்து ஊர்ப் பெயரோடு வெளியிடவும் வேண்டாம். பைக்கில் வந்தவர் எல்லை தாண்டிப் போய்விடுவார், விசாரணைக்குக் கூப்பிட்டால் போக வேண்டியது வீட்டுக்காரர்தான்.